நெடுந்தூரம் போக ஒரு சைக்கிள்: வாங்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள்!

"குடும்பத் தலைவிக்கு எதுக்கு சைக்கிள்? பஸ் இருக்கு, ஷேர் ஆட்டோ இருக்கு!" என்று சொல்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. இதற்குப் பதில் திருச்சிக்குப் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தறிவோடு பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பக்கபலமாக நின்றார். வயல்வேலைக்குப் போகிறவர்கள், கல்குவாரியில் வேலை செய்கிறவர்கள், ஆசிரியைகள், அங்கன்வாடி ஊழியர்கள் எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்தபடி ஊர்வலமாகப் போனபோது ஊரே வாய் பிளந்து பார்த்தது. பஸ்ஸுக்காகக் காத்துக்கிடந்த நேரம் மிச்சமாயிற்று. "யாராவது கொண்டுபோய் விடுங்களேன்" என்று கெஞ்சுவதும் நின்றது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பலர் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒரு சௌகரியமும் இருந்தது. சீட்டுக்கும் ஹாண்டில் பாருக்கும் நடுவில் உள்ள கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே! பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பெண்கள் பெயிண்டின் பளபளப்பைப் பார்க்கவில்லை; தங்கள் வேலைக்கு எது உதவும் என்று பார்த்தார்கள். நாமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கே போகப் போகிறீர்கள்?

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உதாரணமாக, ஸ்ரீரங்கத்திலிருந்து திருவெள்ளறைக்குப் போக ஆசை என்று வைத்துக்கொள்வோம். புண்டரீகாக்ஷப் பெருமாளையும் சேவிக்கலாம். சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன், பல்லவர் காலத்தில் ஸ்வஸ்திக வடிவில் வெட்டிய கிணற்றையும் குழந்தைகளுக்குக் காட்டலாம். கொள்ளிடம் பாலம் தாண்டி, நெம்பர் 1 டோல்கேட், மண்ணச்சநல்லூர் வழியாகத் துறையூர் ரோட்டில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். போகவர 40. மணிக்கு 12, 13 கிலோமீட்டர் வேகம் போதும். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். தார் ரோடு, பெரிய மேடு கிடையாது. இப்படிப்பட்ட வழிக்கு மலையேறும் சைக்கிள் எதற்கு? பந்தய சைக்கிள்தான் எதற்கு?

உயரம்தான் முதல் கணக்கு

"அவர் சைக்கிள் சும்மாதானே நிக்குது, அதையே ஓட்டேன்" என்பார்கள். உங்கள் உயரத்துக்குப் பொருந்தினால் பேஷாக ஓட்டலாம். பொருந்தாவிட்டால் ஐந்து கிலோமீட்டரில் முழங்காலும் முதுகும் சொல்லிவிடும்! பள்ளிக்கூடத்தில் மகளுக்குக் கிடைத்த சைக்கிளுக்கும் இதே பேச்சுத்தான்.

சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்படியானால், முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். ரொம்ப உயர்ந்தால் இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். ஹாண்டில் பாரைப் பிடிக்கும்போது முழங்கை சற்று மடங்க வேண்டும். எட்டிப் பிடிக்கிற மாதிரி இருந்தால் வேண்டாம். கம்பி உள்ள சைக்கிளானால் இரு பக்கமும் கால் ஊன்றி நின்று பாருங்கள். கம்பிக்கும் உடம்புக்கும் நடுவில் ஓரிரு அங்குலமாவது இடைவெளி வேண்டும். புடவை கட்டுகிறவர்களுக்குக் கம்பி தாழ்ந்த லேடீஸ் சைக்கிள்தான் வசதி.

"ஓட்ட ஓட்டப் பழகிடும்மா" என்று கடைக்காரர் சொன்னால், சிரித்துக்கொண்டே அடுத்த சைஸைக் கேளுங்கள்!

கியர் வேண்டுமா?

முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 பல் இருந்தால், பெடலை ஒரு சுற்று மிதிக்கும்போது பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும். சமதரைக்கு இது சரி. எதிர்க்காற்றிலும் பாலத்து ஏற்றத்திலும் கனமாகத் தெரிந்தால், பின் ஃப்ரீவீலை 20 பல் உள்ளதாக மாற்றச் சொல்லுங்கள், செலவு சொற்பம். மேடு பள்ளமான ஊர்க்காரர்களுக்கும், அடிக்கடி 40, 50 கிலோமீட்டர் போகிறவர்களுக்கும் கியர் உதவும். பின்னால் மட்டும் ஆறேழு கியர் இருந்தாலே தாராளம். 21 கியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த மலிவு சைக்கிளையும் தவிர்த்துவிடுங்கள். அது எடையைக் கூட்டும். நீங்கள் மிதிக்கிற பலத்தில் கொஞ்சத்தை அதுவே சாப்பிட்டுவிடும்.

டயர், பிரேக், சீட்

தடித்த பட்டன் டயர் ரோட்டில் இழுக்கும். மெல்லிய பந்தய டயரோ நம் குண்டு குழிகளுக்குத் தாங்காது. நடுத்தரமான டயரே நல்லது. 26 அங்குலச் சக்கரத்தில் ஒன்றே முக்கால் அங்குலத்துக்கு மேல் அகலம் வேண்டாம். எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும். வாரம் ஒருமுறை பாருங்கள். காற்று குறைந்த டயரில் மிதிப்பது ஈர மாவை ஆட்டுக்கல்லில் அரைக்கிற மாதிரிதான்!

பிரேக் பிடித்தால் லீவர் ஹாண்டிலைத் தொடக்கூடாது. மலிவு டிஸ்க் பிரேக்கைவிட நல்ல ரப்பர் கட்டை பிரேக் மேல். எந்த ஊர் சைக்கிள் கடையிலும் சரி செய்துவிடுவார்கள்.

சீட் மெத்தை மாதிரி இருந்தால் சுகம் என்று நினைப்போம். பத்து கிலோமீட்டர் தாண்டினால் அமுங்கி உறுத்தும். சற்றே கெட்டியாக, உட்காரும் எலும்புகளைத் தாங்கும் அகலத்தில் இருக்கட்டும்.

கையிருப்பைப் பிரியுங்கள்

10,000 ரூபாய் இருந்தால் பத்தாயிரத்துக்கும் சைக்கிள் வாங்கிவிடாதீர்கள்! எட்டாயிரத்துக்குள் சைக்கிள். மீதியில் ஹெல்மெட், முன் விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, கைப்பம்பு, ஒரு டியூப், பஞ்சர் சாமான், பூட்டு. பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொள்வதற்குச் செலவே இல்லை. துறையூர் ரோட்டில் நடு வெயிலில் காற்று இறங்கினால் அந்தப் படிப்புத்தான் கைகொடுக்கும்.

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பில் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் வாங்குவது நல்லது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுக் கோட்டம் இருக்கிறதா என்று கவனியுங்கள். பத்து நிமிஷமாவது தெருவில் ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். புது சைக்கிளில் ஸ்போக்ஸ் தளரும். ஒரு மாதம் கழித்து இறுக்கித் தர வேண்டும் என்று அப்போதே பேசிவிடுங்கள்.

உடம்பையும் கேளுங்கள்

முதல் நாளே திருவெள்ளறை வேண்டாம். முதலில் திருவானைக்கா. இரண்டு வாரம் கழித்து மண்ணச்சநல்லூர். உடம்பு பழகியபின் திருவெள்ளறை. விடிந்தவுடன் புறப்பட்டு வெயிலுக்கு முன் திரும்புங்கள். தண்ணீரைத் தாகம் எடுக்கும் வரை தள்ளிப்போடாமல் அவ்வப்போது இரண்டு வாய் குடியுங்கள். துப்பட்டாவையும் முந்தானையையும் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். சக்கரத்தில் சிக்கினால் ஆபத்து. செயின் கவர் முழுசாக உள்ள சைக்கிளாக வாங்குங்கள்.

கை மரத்துப்போனாலும் முழங்கால் வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்ட வேண்டாம். சீட், ஹாண்டில் உயரத்தை மாற்றிப் பாருங்கள். பிரசவமானவர்கள், அதிலும் சிஸேரியன் ஆனவர்கள், டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தையை ஏற்றவே கூடாது. பெரிய குழந்தைக்கும் வெறும் கம்பி போதாது. பெல்ட்டும், கால் சக்கரத்தில் மாட்டாதபடி தடுப்பும் உள்ள தனி சீட், தலைக்குச் சின்ன ஹெல்மெட் இரண்டும் அவசியம்.

குழந்தைகளுக்கு சைக்கிள் வாங்கும்போது எவ்வளவு அலசுகிறோம்! நமக்கு என்று வரும்போது மட்டும் "ஏதோ ஒண்ணு, இருக்கறது போதும்" என்று விட்டுவிடுகிறோம். இந்த ஒரு சாமானையாவது உங்கள் கால் நீளத்துக்கும், உங்கள் வழிக்கும், உங்கள் கைப்பணத்துக்கும் அளவெடுத்து வாங்குங்கள். அளவு சரியாக இருந்தால் 20 கிலோமீட்டர் ஒரு தூரமே இல்லை.