லாட்டரி விழாமலே தோட்டம் வாங்கினார்கள், தெரியுமா?

பாரிசில் வேலையில்லாத ஐந்து பேருக்கு லாட்டரியில் லட்சம் பிராங்க் விழுகிறது. பங்கு பிரித்துக்கொண்டு அவரவர் வழியில் போனார்களா? இல்லை! மார்ன் ஆற்றங்கரையில் இடிந்து கிடந்த கட்டடம் ஒன்றை வாங்கி, தங்கள் கையாலேயே செப்பனிட்டு, சாப்பாடும் ஆட்டமும் பாட்டுமாக ஒரு விடுதி நடத்தக் கிளம்புகிறார்கள். 1936-இல் வந்த ‘லா பெல் எக்கிப்’ படத்தின் கதை இது. இயக்கம் ஜூலியன் துவிவியே, நடிப்பு ஜான் கபேன். சிரிப்பும் கும்மாளமுமாகப் போகிற படம், கூட்டு உடைந்து கொலையில் முடிகிறது. தயாரிப்பாளர்கள் பயந்துபோய், நண்பர்கள் ராசியாகிவிடுவதாக இன்னொரு முடிவையும் எடுக்கவைத்தார்கள். ஒரே படத்துக்கு இரண்டு முடிவு! (எனக்கு அந்தச் சோக முடிவுதான் பிடிக்கும்.)

சரி, லாட்டரியும் இல்லாமல், சினிமாவும் இல்லாமல் இப்படிக் கூட்டுச் சேர்ந்து இடம் வாங்குவதை நிஜமாகவே செய்தவர்கள் நம்முடைய மலேசியப் பால்மரத் தொழிலாளிகள், அதாவது ரப்பர் மரம் சீவியவர்கள் என்பது தெரியுமா?

கதை மலாயாவின் பேராக் மாநிலத்தில் தொடங்குகிறது. 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 ரப்பர் கன்றுகளில் 9 கோலகங்சாருக்குப் போயின. அவற்றில் ஒன்று கிழட்டு மரமாக இன்னும் அங்கே நிற்கிறது! பக்கத்து ஊர் சுங்கை சிப்புட். 1948 ஜூன் 16 அன்று அங்கே மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட, மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அதே ஊரில், அதே ஜூன் 16-இல், 1919-ஆம் ஆண்டு பிறந்தவர் யார் தெரியுமா? பின்னாளில் மந்திரியான துன் வீ. தி. சம்பந்தன்!

நாடு சுதந்திரம் அடைந்த காலத்தில் ஐரோப்பியக் கம்பெனிகள் ரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுக் கப்பலேறின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். இதற்குத் தோட்டத் துண்டாடல் என்று பெயர். தொழிலாளிகள் குடியிருந்த லயத்து வீடும் போச்சு, வேலையும் போச்சு. சம்பந்தன் அப்போது மந்திரி. ஆனாலும் மனைவி உமாசுந்தரியோடு தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகப் போடுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். தோளில் காண்டாக் கம்போடு பால் வாளி தூக்கி, விடிவதற்குள் மர வரிசையான நிரைக்கு ஓடுகிற ஜனத்துக்குப் பத்து வெள்ளி லேசான காசா? போட்டார்கள்! 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பல. நேற்றுவரை துரைக்குக் கைகட்டி நின்றவர்கள் பங்குதாரர்கள் ஆனார்கள்!

எல்லாத் தோட்டமும் தப்பவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன, ஜனங்கள் பட்டணத்துப் புறம்போக்குக் குடிசைகளுக்குப் போனார்கள். அந்த வாழ்க்கையைச் சிறுவன் அப்போயின் குறும்போடு சொன்ன சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’, 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவின் சிறந்த மலேசியப் பட விருதை வென்றது. தமிழ்ப் படம்! அதற்கும் முன்பே, தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ தோட்டத்துப் பெண்ணின் படிப்புக் கனவைச் சொல்லி, 2005-இல் நடுவர்களின் சிறப்பு விருது வாங்கியது. எங்கே தெரியுமா? பிரான்சின் நாந்த் நகரில்!

பத்து வெள்ளிக் கதையையும் யாராவது படமாக எடுங்களேன். முடிவு ஒன்று போதும்.