ஜப்பானிய சோயா வறுவல்: வீட்டிலேயே செய்யலாம்

லிங்கி, ரந்தாவ், லாபு, பகாவ் என நெகிரி செம்பிலானின் தோட்டப்புறங்களில் மாலைத் தேநீருக்கு வறுத்த கச்சானும் அவித்த கடலையும் துணையாக இருந்த காலம் உண்டு. இன்று அந்த இடத்தைப் பொட்டலங்களில் வரும் நொறுக்குத்தீனி பிடித்துக்கொண்டது.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நொறுக்குத்தீனி மட்டுமே இதற்குக் காரணமல்ல. ஆனால், வீட்டில் எளிதாக மாற்றக்கூடிய பழக்கங்களில் அதுவும் ஒன்று.

அதற்குக் கைகொடுப்பது ஜப்பானியர்களின் 'இரிமாமே'. எண்ணெய் இல்லாமல் வறுத்த சோயா அவரைதான் அது. பிப்ரவரி தொடக்கத்தில் வரும் 'செட்சுபுன்' நாளில் தீய சக்திகளை விரட்ட இந்த அவரையை வீட்டில் வீசுவார்கள்; பிறகு தத்தம் வயதின் எண்ணிக்கைக்கு ஏற்ப எடுத்து உண்பார்கள். பழையன கழியும் நமது போகியைப் போன்ற ஒரு நம்பிக்கை.

தவ்வு, தெம்பே, சோயா பால் ஆகியவை நமக்குப் பழக்கமானவை. ஆனால், சோயாவைக் கடலைபோல் கொறிக்கும் வழக்கம் நம்மிடம் குறைவு. 100 கிராம் உலர்ந்த சோயாவில் சுமார் 36 கிராம் புரதம் உள்ளது. கொண்டைக்கடலையில் அது சுமார் 20 கிராம்தான்.

செய்முறை

ஒரு கப் சோயா அவரையைக் கழுவி, மூன்று மடங்கு நீரில் 8 மணி நேரம் ஊறவிடவும். நமது வெப்பத்தில் நீர் புளித்துவிடலாம் என்பதால் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது நல்லது.

நீரை வடித்து, பருத்தித் துணியில் பரப்பி ஒரு மணி நேரம் உலர்த்தவும். பின்னர் அடிகனமான குவாலியில், சிறு தீயில், கைவிடாமல் கிளறி 25 முதல் 30 நிமிடம் வறுக்கவும். தோல் வெடித்து, பொன்னிறமாகி, வாசம் வரும்போது இறக்கலாம். தீ கூடினால் வெளியே கருகி, உள்ளே பச்சையாக நிற்கும்.

ஊறவைப்பதைத் தவிர்க்கக் கூடாது. பச்சைச் சோயாவில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் உண்டு. ஈரத்தோடு சேரும் வெப்பமே அதை நன்கு முறிக்கும். ஒன்றைக் கடித்துப் பார்த்து, பச்சை வாடை அடித்தால் மேலும் வறுக்க வேண்டும்.

ஆறிய பிறகே மொறுமொறுப்பு வரும். சூட்டோடு புட்டியில் அடைத்தால் நமத்துப்போகும். ஜப்பானியச் சுவைக்கு, அடுப்பை அணைத்ததும் ஒரு தேக்கரண்டி சோயா சாஸ் தெளித்துக் கிளறலாம். நம் சுவைக்கு மிளகாய்த்தூள், உப்பு, வறுத்த கறிவேப்பிலை போதும்.

இதையே அரைத்தால் ஜப்பானியர் 'கினாக்கோ' என்றழைக்கும் மாவு கிடைக்கும். ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, அரிசி கிடைக்காமல் தோட்ட மக்கள் உயிர் பிழைக்க உண்ட மரவள்ளிக் கிழங்கு இன்றும் பல வீடுகளில் வேகிறது. அதில் மாவுச்சத்து அதிகம், புரதம் மிகக் குறைவு. அவித்த கிழங்கின்மேல் இந்த மாவைத் தூவினால் அக்குறை ஓரளவு நீங்கும்.

கவனத்திற்கு

சோயாவில் கொழுப்பும் உண்டு. ஒரு நாளைக்கு ஒரு சிறு கைப்பிடி போதும். சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். மூச்சுக்குழாயில் சிக்கும் ஆபத்து இருப்பதால், 5 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ள பிள்ளைகளுக்குக் கடினமான அவரையைத் தர வேண்டாம் என ஜப்பானிய அரசே எச்சரித்துள்ளது. சிறு பிள்ளைகளுக்கு மாவாக்கி, கஞ்சியில் கலந்து கொடுக்கலாம்.