டயப்பர் நனைந்தாலும் ஏன் சொட்டுவதில்லை?

படுக்கையில் கிடக்கும் அப்பத்தாவுக்குக் கட்டிவிட, திருப்பூர் வீடுகளில் பனியன் துணி எளிதாகக் கிடைக்கும். மெத்தென்று இருக்கும், துவைத்தும் கட்டலாம். ஆனால் அவர் ஒருக்களித்ததும் மெத்தை நனைந்துவிடுகிறதே, ஏன்?

பருத்தித் துணியில் நீர் பெரும்பாலும் இழைகளின் இடுக்குகளில்தான் தங்கும். உடலின் எடை அழுத்தினால் வெளியே வந்துவிடும்.

டயப்பருக்குள் இருப்பது சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற வெள்ளைக் குருணை. ரோஸ்மில்க்கில் ஊறும் சப்ஜா விதையை நினைத்துக்கொள்ளுங்கள். நீரை இழுத்து, உப்பி, வழுவழுவென்று ஆகிவிடும். கரண்டியால் அழுத்தினாலும் நீரை விடாது. குருணையும் அப்படித்தான். வெறும் தண்ணீரென்றால் தன் எடையைப்போல் சில நூறு மடங்கு இழுக்கும். சிறுநீரில் உப்பு இருப்பதால் அவ்வளவு முடியாது.

அப்படியானால் நாள் முழுக்க ஒன்றே போதுமா? போதாது. சிறுநீரிலுள்ள யூரியாவை பாக்டீரியாக்கள் அம்மோனியா ஆக்கும். ஊறிய தோல் எரியும். மலமும் சேர்ந்தால் சீக்கிரமே புண்தான். ஒன்றின்மேல் ஒன்று மாட்டுவதும் வீண். உள்ளே இருப்பதன் பிளாஸ்டிக் அடி ஈரத்தை வெளியே விடாது.

சிறுநீர் குறையட்டும் என்று தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பது இன்னும் மோசம். அடர்ந்த சிறுநீர், சிறுநீர்ப்பையை உறுத்தி, அடிக்கடி முட்டவைக்கும்.

மாற்றும்போது கதவைச் சாத்துங்கள். “அப்பத்தா, மாத்தி உடட்டுங்களா?” என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். முகம் சுளிக்காதீர்கள், பேச முடியாதவருக்கும் அது தெரியும்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே வந்து பராமரிக்கும் செவிலியர் உண்டு. தோல் சிவந்திருந்தால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.