கையில் இருந்தாலே குற்றம்

மழை விட்ட ஒரு சாயங்காலம். கேமரன் மலையின் கியா பார்ம் சந்தையில் அவித்த சோளம் விற்கும் கடையருகே நின்றிருந்தேன். தெரிந்த வீட்டுப் பையன், வயது பத்தொன்பது இருக்கும், கைப்பேசியை நீட்டினான். "அண்ணே, இது எப்படி இருக்கு? நூறு வெள்ளிக்குள்ளதான்." திரையில் ஒரு கறுப்புக் கைத்துப்பாக்கி. தண்ணீரில் ஊறிய ஜெல் குண்டுகளைத் துப்புமாம். கீழே வாங்கியவர்களின் அனுபவங்கள் வரிசையாக இருந்தன. கையில் நல்ல கனம், மேகசின் கழற்றி மாட்டலாம், அசல் மாதிரியே இருக்கு.

அந்தக் கடைசிச் சொல்லைத்தான் அவனுக்குக் காட்டினேன். அசல் மாதிரியே இருப்பதுதான் இங்கே குற்றம்.

மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 36ஆவது பிரிவு போலி ஆயுதங்களைப் பற்றியது. சுடுமா சுடாதா என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. பார்வைக்கு ஆயுதம்போல் இருந்தால் போதும். அதை வைத்திருந்ததற்காக ஓராண்டு வரை சிறை, 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். "விளையாட்டுச் சாமான்தானே சார்" என்று பாலாயில் சொல்லிப் பார்க்கலாம், பயனில்லை. பார்சல் யார் பெயருக்கு வந்தது என்பதைத்தான் அவர்கள் கேட்பார்கள். அதைக் கையில் பிடித்துப் படம் எடுத்து முகநூலில் போட்டிருந்தால் சாட்சியையும் நாமே தயாரித்துக் கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம்.

அதே பொம்மையைக் காட்டி ஒரு கடையில் பணத்தைப் பறித்தால் வழக்கு வேறு சட்டத்துக்குப் போய்விடும். 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டத்தின்படி, கொள்ளை போன்ற குற்றத்தின்போது போலித் துப்பாக்கி காட்டினால் பத்தாண்டு வரை சிறை, குறைந்தது மூன்று பிரம்படி. ஜெல் குண்டு துப்பும் நூறு வெள்ளிப் பொருளுக்கு!

பொம்மையும் அசலும் இவ்வளவு ஒத்துப்போனதற்கு ஒரு வரலாறு உண்டு. 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரிய இராணுவம் புதிய கைத்துப்பாக்கி ஒன்றைத் தேடியது. காஸ்டன் குளோக் என்பவர், அதுவரை கத்தியும் மண்வெட்டியும் செய்து கொடுத்தவர், நைலான் வகைப் பிளாஸ்டிக்கில் உடற்பகுதி வார்த்து ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்தார். குளோக் 17 அதுதான். பழைய ரிவால்வர்களில் பின்னால் துருத்திக்கொண்டு நிற்குமே சுத்தி, அது இதில் இல்லை. உள்ளே சுருள்வில்லில் கட்டுண்ட ஊசி ஒன்று இருக்கிறது. விசையை இழுத்தால் அது பாய்ந்து தோட்டாவின் அடியைக் குத்தும். பிறகு வால்த்தர், ஸிக் சாவர், ஹெக்லர் அண்ட் கோக் என்று பெரிய கம்பெனிகள் எல்லாம் அந்த வழிக்கு வந்தன. நம் நாட்டுப் போலீஸ்காரர்களின் இடுப்பில் தொங்கும் வால்த்தர் பி99 இந்த இனம்தான். வழவழப்பில்லாத கறுப்புப் பிளாஸ்டிக், கோணலில்லாத பெட்டி வடிவம். இதைப் பொம்மை அச்சில் வார்ப்பது சுலபம், இரண்டடி தள்ளி நின்று பிரித்தறிவதுதான் கஷ்டம். அப்படி நிற்கும் போலீஸ்காரருக்கு முடிவெடுக்க ஒரு நொடிகூடக் கிடைக்காது.

பிளாஸ்டிக் என்பதால் விமான நிலையக் கருவியில் தெரியாது என்ற கதையை இன்றும் சொல்கிறார்கள். 1990இல் வந்த ஒரு ஹாலிவுட் படமும் பரப்பிவிட்ட புளுகு அது. குழாயும் மேல்மூடியும் எஃகு. தாராளமாகத் தெரியும்.

சட்டப்படி வைத்திருக்க முடிந்த நாடுகளில், முக்கியமாக அமெரிக்காவில், உரிமையாளர்கள் இவ்வகைத் துப்பாக்கியைப் புகழ்வது இலேசு, எளிது, அடைத்துக்கொள்ளாது என்பதற்காக. கூடவே அவர்கள் சொல்லும் கசப்பான அனுபவங்களும் உண்டு. குளோக்கில் கையால் தள்ளிப் பூட்டும் பாதுகாப்புத் தாழ் கிடையாது. அதன் மூன்று தடைகளும் தானாக இயங்குபவை, விசையை இழுத்தால் மூன்றும் விலகிவிடும். அந்த விசையை விரல்தான் இழுக்க வேண்டும் என்பதில்லை. உறைக்குள் செருகும்போது சட்டைக் கயிறு மாட்டினாலும் வெடித்துவிடும். துடைப்பதற்காகப் பிரிக்கும்போது குளோக்கில் விசையை ஒருமுறை இழுத்தாக வேண்டும். மேகசினைக் கழற்றிவிட்டோமே, காலிதான் என்று நினைப்பவர், குழாய்க்குள் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கும் ஒரு தோட்டாவை மறந்துவிடுகிறார். உள்ளங்கையில் ஓட்டை விழுந்தவர்கள் பலருடைய கதை இதுதான். அமெரிக்க இராணுவம் 2017இல் தேர்ந்தெடுத்த ஸிக் சாவர் பி320 இன்னொரு விதமான சர்ச்சையில் சிக்கியது. கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்ற புகார் எழுந்து, அதே ஆண்டு கம்பெனி உள்ளமைப்பை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. விசையைத் தொடாமலே வெடித்தது என்று காயம்பட்டவர்கள் போட்ட வழக்குகளில் 2024இல் ஜார்ஜியாவிலும் பிலடெல்பியாவிலும் ஜூரிகள் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. குறை எங்கள் துப்பாக்கியில் இல்லை என்கிறது கம்பெனி. பயிற்சியும் உரிமமும் உள்ளவர்கள் பாடே இப்படி.

இங்கே அந்த அனுபவத்துக்கே வழியில்லை. மலேசியாவில் கைத்துப்பாக்கி உரிமம் தனியாளுக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கும். உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் ஆயுதச் சட்டத்தின் 8ஆவது பிரிவில் ஏழாண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆவது பிரிவில் வழக்குப் போட்டால் பதினான்கு ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி, ஜாமீனும் இல்லை. இரண்டுக்கு மேல் சிக்கினால் கடத்தல்காரர் என்றே அனுமானிக்கப்படும். கொள்ளை போன்ற குற்றத்தில் சுட்டால், யாருக்கும் காயம் படாவிட்டாலும், 2023 வரை கட்டாயத் தூக்கு. அவ்வாண்டு ஜூலையில் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, தூக்குக்குப் பதில் 30 முதல் 40 ஆண்டுச் சிறையும் குறைந்தது 12 பிரம்படியும் விதிக்க நீதிபதிக்கு இடம் உண்டு.

தோட்டத்துப் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது அதே 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆவது பிரிவு. துப்பாக்கி உங்களிடம் இல்லை, கூட்டாளி இடுப்பில் இருக்கிறது. அது உங்களுக்குத் தெரியும் என்று நியாயமாக எண்ணும்படியான சூழலில் அவரோடு காரில் உட்கார்ந்திருந்தால் உங்களுக்கும் பதினான்கு ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் காத்திருக்கின்றன. "சும்மா லிப்ட் கேட்டேன்" என்பது உண்மையாகவே இருக்கலாம். அதை நிரூபிக்கும் வரை லோக்காப்பில்தான் இருக்க வேண்டும்.

ஊருக்குப் போய் வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தியாவில் 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றலுள்ள .177 காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம், சென்னையில் கடையில் வாங்கலாம். அதைப் பெட்டியில் வைத்துக் கேமரன் மலைக்குக் கொண்டுவந்தால் நிலைமை தலைகீழ். நம் ஆயுதச் சட்டத்தின் விளக்கத்துக்குள் காற்றுத் துப்பாக்கியும் காற்றுக் கைத்துப்பாக்கியும் அடக்கம், அவற்றின் உதிரிப் பாகமும் அடக்கம். மருமகனுக்குப் பரிசு என்று வாங்குமுன் யோசியுங்கள்.

காய்கறித் தோட்டங்களில் காட்டுப்பன்றித் தொல்லைக்காக உரிமம் பெற்று மடக்குத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். உரிமம் அந்த ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல. அப்பா படுக்கையில் விழுந்துவிட்டார் என்று மகன் எடுத்துக்கொண்டு பன்றி பார்க்கப் போக முடியாது. அப்பா காலமாகிவிட்டால், காரியங்களுக்கு நடுவிலும் முதல் வேலையாகப் போலீசுக்குத் தெரிவித்து ஒப்படைத்துவிட வேண்டும். ஞாபகார்த்தமாகப் பரணில் வைப்பது வேண்டாம். வேட்டைக்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் தனி. அதுபோலவே, ஆயுதம் தாங்கும் பாதுகாவலர் வேலையில் இருக்கும் நம் அண்ணன்மார் நினைவில் வைக்க வேண்டியது, துப்பாக்கி கம்பெனியுடையது. வேலை நேரம் முடிந்தால் அது கம்பெனியில்தான் இருக்க வேண்டும்.

பிடிபட்டால் என்ன உரிமை? இதைத்தான் நம்மவர்கள் தெரிந்துகொள்வதே இல்லை. ஏன் கைது செய்கிறோம் என்று போலீஸ் சொல்ல வேண்டும், விருப்பமான வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளலாம், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இவை அரசமைப்பின் 5ஆவது விதி தருபவை. விசாரணையைத் தொடங்குமுன் உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல அனுமதிக்க வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு. 112ஆவது பிரிவின் கீழ் வாக்குமூலம் எடுக்கும்போது, நம்மையே குற்றத்தில் மாட்டிவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். பெயர், முகவரி, ஐசி எண்ணைக் கொடுங்கள். மற்றதற்கு, "கோர்ட்டில் சொல்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லலாம். எதிர்த்துப் பேசவோ கையைத் தட்டிவிடவோ வேண்டாம். புரியாத மலாய்த் தாளில் கையெழுத்துப் போடவே வேண்டாம், வாசித்துத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தடுப்புக் காவல் எத்தனை நாள் என்பது எந்தச் சட்டம் என்பதைப் பொறுத்தது. போலி ஆயுத வழக்கில் முதலில் நான்கு நாள், பிறகு மூன்று, அதற்கு மேல் இல்லை. பதினான்கு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றத்தில் ஏழும் ஏழும் பதினான்கு நாள். காவலில் அடி விழுந்திருந்தால், மாஜிஸ்திரேட் முன் நிற்கும்போதே சட்டையைத் தூக்கிக் காட்டிச் சொல்ல வேண்டும், பிறகு அல்ல. அந்த நேரத்தில் வழக்கறிஞருக்குக் காசில்லையே என்பவர்களுக்காகவே ஒய்பிஜிகே எனப்படும் தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் இயங்குகிறது. கைது, தடுப்புக் காவல் கட்டங்களில் குடிமக்களுக்கு இலவசம். வழக்கு நடத்த வருமான வரம்பு உண்டு. போலீஸ் நடத்தை பற்றிய புகாருக்கு 2023 ஜூலையில் தொடங்கிய சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையமும், மனித உரிமை ஆணையமான சுஹாகாமும் இருக்கின்றன. வழக்கறிஞர் மன்றம் போட்ட சிவப்புப் புத்தகம் என்ற சிறு நூல் தமிழிலும் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை என்றால் பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும், சிறார் நீதிமன்றம், இன்று மரண தண்டனை கிடையாது. ஆனால் 1977இல் பினாங்கில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்குத் துப்பாக்கி வைத்திருந்ததற்காகத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். மன்னிப்புக் கிடைத்ததால் உயிர் பிழைத்தான்.

எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, தஞ்சைத் தம்பிக்கோட்டையில் பிறந்தவர், 1949 மார்ச்சில் ரவாங் பக்கம் ஒரு ரிவால்வரோடும் சில தோட்டாக்களோடும் பிடிபட்டார். அவசரகாலச் சட்டத்தில் அதற்குத் தூக்கு. கண்டெடுத்ததைப் போலீசில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்தேன் என்பது அவர் தரப்பு வாதமாகச் சொல்லப்படுகிறது. நேருவின் அரசு கேட்டுக்கொண்டும் பயனில்லை. மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அரசியல் காரணம் இருந்தது, காலமும் வேறு. அந்த அவசரகாலச் சட்டம் இன்று இல்லை. ஆனால் ஆயுதத்தோடு சாலையில் நிற்பவர் எதற்காக எடுத்துப் போகிறார் என்பதை யாரும் முகத்தைப் பார்த்து நம்பப் போவதில்லை.

கொடிக்குப் பின்னாலோ, காட்டோரத்திலோ, வாடகைக்கு வந்த வீட்டு அலமாரியிலோ துப்பாக்கியோ தோட்டாவோ கண்ணில் பட்டால் தொடாதீர்கள், எடுத்துக்கொண்டு பாலாய்க்குப் போகவும் போகாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு 999ஐக் கூப்பிடுங்கள்.