சீருடைக்கு எட்டும் சட்டம்

1992-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகர் காவல் நிலையத்தில், திருட்டுச் சந்தேகத்தின்பேரில் பிடித்துவைக்கப்பட்ட ஒருவர் காவலிலேயே மாண்டதும், அவருடைய மனைவி அங்கே காவலர்களால் பலாத்காரம் செய்யப்பட்டதும் தென்னார்க்காட்டு ஜனங்கள் எளிதில் மறக்கக்கூடிய சம்பவங்களல்ல. மாதர் சங்கத்தார் விடாது போராடியதன்மேல் வழக்கு நடந்து, கடலூர் நியாயஸ்தலத்தில் காவலர்கள் தண்டனை பெற்றனர். அதே ஜூனில் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் வனத்துறையினரும் போலீஸாரும் புரிந்த பலாத்காரம் முதலிய அக்கிரமத்துக்கோ, தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2011 ஆயிற்று.

இவ்வழக்குகளுக்கு ஆதாரமாக நின்ற சட்டமும் ஓர் அநியாயத்திலிருந்து பிறந்ததே. 1972-ல் மகாராஷ்டிரத்தில் ஓர் ஆதிவாசிச் சிறுமி காவல் நிலையத்திலேயே கெடுக்கப்பட்டபோது, உடலில் காயமில்லை, ஆகவே அவள் எதிர்க்கவில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. துப்பாக்கியும் லத்தியும் சூழ்ந்த அறையில் ஒரு பெண் எப்படி எதிர்ப்பாள் என்று உபேந்திர பக்ஷி முதலிய சட்டப் பேராசிரியர் நால்வர் 1979-ல் பகிரங்கக் கடிதம் எழுதினர். அதன் விளைவாகவே 1983-ல், காவலில் நிகழும் பலாத்காரம் தனிக் குற்றமாயிற்று. உறவு நடந்தது நிரூபணமான பின், தனக்குச் சம்மதமில்லை என்று பெண் சாட்சி சொன்னால் நீதிபதி அவ்வாறே அநுமானிக்க வேண்டும் என்றும், சம்மதம் இருந்ததெனக் காட்டும் பொறுப்பு கூண்டில் நிற்பவனுக்கே என்றும் ஏற்பட்டது.

ராணுவத்தார் விஷயம் இவ்வளவு எளிதன்று. 1950-ஆம் வருஷத்து ராணுவச் சட்டத்தின்படி, குடிமக்களில் ஒரு பெண்ணைக் கெடுத்த சிப்பாய் சாதாரண நீதிமன்றத்துக்கே உரியவன்; ஆனால் போர்ப்பணியில் இருந்தால் ராணுவ நீதிமன்றமே அவனை விசாரிக்கலாம். 2013-ஆம் வருஷத்துக் குற்றவியல் சட்டத் திருத்தம், ஓரிடத்தில் நிறுத்தப்பட்ட ஆயுதப்படையினர் அங்கே பலாத்காரம் செய்தால் பத்தாண்டுக்குக் குறையாத தண்டனை என்று விதித்தது. அரசு ஊழியர்மீது இக்குற்றத்துக்கு வழக்கிடச் சர்க்காரின் முன்அநுமதி வேண்டியதில்லை என்றும் தெளிவாக்கியது. அண்ணாமலைநகர்க் காவலரைப் போன்றவர்களுக்கு அது போதும். மணிப்பூரைப் போன்ற இடங்களில் அமலாகும் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் 6-ஆம் பிரிவோ மத்திய சர்க்காரின் அநுமதியை இன்றும் கேட்கிறது. பாலியல் குற்றங்களுக்கு அந்தக் காப்பு கூடாதென்று, சட்டத் திருத்தத்துக்கு யோசனை கூற அமைந்த நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரியில் சொன்னதைப் பார்லிமெண்டு, குழுவின் மற்ற யோசனைகள் பலவற்றை ஏற்றுங்கூட, தொடவில்லை.