ஒரகடத்தில் இ.எஸ்.ஐ. பணம் எங்கே கசிகிறது?

ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை சிப்காட் வளாகங்களில் ஒப்பந்ததாரர் மூலம் வேலைக்குச் செல்லும் தொழிலாளியின் சம்பளச் சீட்டில் ‘இ.எஸ்.ஐ.’ என்றொரு வரி இருக்கும். பணம் பிடிக்கப்பட்டது என்பதற்கு அந்தச் சீட்டு சான்று. அது தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகத்தைச் சென்று சேர்ந்தது என்பதற்கு அது சான்றாகாது. பல தொழிலாளர்கள் இந்த வேறுபாட்டை அறிவது மருத்துவமனைப் பதிவு மேசையின் முன் நிற்கும்போதுதான்.

பொது மருத்துவக் காப்பீட்டில் மோசடி என்றதும் அரசின் பார்வை நோயாளியின் பக்கமும் மருத்துவமனையின் பக்கமுமே திரும்புகிறது. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஆயுஷ்மான் பாரத் திட்டம் குறித்துத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, 7,49,820 பயனாளிகள் 9999999999 என்ற ஒரே கைப்பேசி எண்ணுடன் இணைக்கப்பட்டிருந்ததைக் காட்டியது. இறந்ததாகப் பதிவான 3,446 பேரின் பெயரில் பின்னர் சிகிச்சைக்கென 6.97 கோடி ரூபாய் வழங்கப்பட்டிருந்தது. இதற்கு மருந்தாகச் சொல்லப்படுபவை ஆதார் சரிபார்ப்பு, விரல்ரேகை, கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியின் புகைப்படம். அமிலத்திலும் சோப்பு நீரிலும் ரேகை தேய்ந்துபோன கைகளை இந்தக் கருவிகள் எப்படி நடத்துகின்றன என்பது தனியே எழுதப்பட வேண்டியது.

இவையெல்லாம் பணம் வெளியே செல்லும் வாயிலைக் காப்பவை. இ.எஸ்.ஐ. வேறு வகையைச் சேர்ந்தது. அது பங்களிப்பால் இயங்குகிறது. ஆகவே பணம் உள்ளே வரும் வாயிலிலும் திருட்டு நடக்க முடியும். ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் கவனிக்க வேண்டியது அந்த வாயிலைத்தான்.

கணக்கைப் பார்ப்போம். மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் அடங்குவர். தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு, வேலையளிப்பவரின் பங்கு 3.25 விழுக்காடு. 15,000 ரூபாய் ஊதியத்துக்கு இரண்டும் சேர்ந்து மாதம் 600 ரூபாய். ஓர் ஒப்பந்ததாரர் 200 பேரை வேலைக்கு அனுப்பி 120 பேரை மட்டும் பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மீதி 80 பேருக்கான தொகை மாதம் 48,000. ஆண்டுக்கு 5,76,000 ரூபாய். போலி மருத்துவச் சான்றிதழ்களால் இவ்வளவு தொகையை இழக்க எத்தனை சான்றிதழ்கள் வேண்டும்!

பதிவே செய்யாமல் விடுவது முரட்டு வழி. நுட்பமான வழி நாள் கணக்கில் இருக்கிறது. நோய்க்கால உதவித்தொகை பெற, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குப் பங்களிப்பு செலுத்தப்பட்டிருக்க வேண்டும். மாதம் 26 நாள் உழைத்தவருக்கு 12 நாள் மட்டும் கணக்குக் காட்டி, மீதியை ‘ஊக்கத்தொகை’ என்று கையில் கொடுத்தால் ஆறு மாதத்துக்கு 72 நாள்தான் தேறும். ஆறு நாள் குறைவு. நாளொன்றுக்கு 500 ரூபாய் ஊதியம் பெறுபவருக்கு 70 விழுக்காடு வீதம் 91 நாட்களுக்கு வரக்கூடிய 31,850 ரூபாய் அத்துடன் போயிற்று. அவர் பெயர் பதிவேட்டில் இருக்கிறது, கையில் எண்ணும் இருக்கிறது. ஆகையால் எந்த எச்சரிக்கை மணியும் ஒலிப்பதில்லை.

கழிவறை தூய்மை, கழிவு அகற்றல், உணவகப் பாத்திரம் கழுவுதல் ஆகியவையே முதலில் ஒப்பந்தத்துக்கு விடப்படும் வேலைகள். அவற்றில் யார் இருக்கிறார்கள் என்பதைச் சுற்றியுள்ள ஊர்களின் சேரிகளிலிருந்து காலையில் புறப்படும் வேன்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நிறுவனத்தின் நிரந்தரத் தொழிலாளி சங்கத்தின் மூலம் கேட்க முடிகிற கேள்வியை, பதினொரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்ததாரர் மாறும் இவர்கள் யாரிடம் கேட்பது?

இந்தத் திட்டத்தின் வேர் நம் வரலாற்றில் இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோதுதான், 1943இல் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தீட்டும் பணி பேராசிரியர் பி.பி.அதார்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் 1944 ஆகஸ்டில் அறிக்கை அளித்தார். 1948இல் சட்டம் நிறைவேறியபோது தொழிலாளர் அமைச்சர் ஜெகஜீவன் ராம். தனியார் காப்பீட்டைப் போல நோய்க்கு விலை வைக்காமல், ஊதியத்துக்கேற்பச் செலுத்தித் தேவைக்கேற்பப் பெறுவது என்ற நெறி அதில் அமைந்தது. எல்லோரும் செலுத்தினால்தான் அந்த நெறி நிற்கும்.

பதிவு செய்யப்படாதவருக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பார்கள். அதன் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய், அதாவது மாதம் 10,000. பதினான்காயிரம் வாங்கும் தூய்மைப் பணியாளர் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறார். வரம்பை மீறிச் சேர்ந்தால் அவர்தான் ‘தகுதியற்ற பயனாளி’, அதாவது மோசடிக்காரர். ஒப்பந்ததாரர் தப்பிய செலவு ஒன்று தொழிலாளியின் தலையில் விழுகிறது, அல்லது மாநில வரிப்பணத்தில் விழுகிறது.

நிதி நிலைத்தன்மை பற்றிப் பேசும் அரசு என்ன செய்தது? 2019 ஜூலையில் மொத்தப் பங்களிப்பு 6.5இலிருந்து 4 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மேற்சொன்ன 15,000 ரூபாய்க்கு 975 ஆக இருந்தது 600 ஆயிற்று. 2025 ஜூலையில் ‘ஸ்ப்ரீ’ என்ற பதிவு ஊக்குவிப்புத் திட்டம் வந்தது. அப்போது தாமாகப் பதிவு செய்த வேலையளிப்பவர்களிடம் முந்தைய ஆண்டுகளின் பங்களிப்பும் பழைய பதிவேடுகளும் கேட்கப்படமாட்டா என்றது கழகம். புதிதாகப் பலர் காப்பீட்டுக்குள் வந்திருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் நோயாளிக்கு விரல்ரேகை, முதலாளிக்கு மன்னிப்பு என்ற இந்த ஏற்பாட்டை மோசடித் தடுப்பு என்று அழைக்க முடியவில்லை.

கண்டுபிடிப்பது கடினமும் அன்று. பெரிய ஆலைகளின் வாயிலில் அடையாள அட்டையைக் காட்டாமல் எவரும் உள்ளே போக முடியாது. எத்தனை பேர் எத்தனை நாள் வந்தார்கள் என்பது ஆலைக்குத் தெரியும். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் ஒப்பந்ததாரர் ஆலைக்குப் பட்டியல் அனுப்புகிறார், அதற்கு ஜிஎஸ்டியும் கட்டுகிறார். கழகத்துக்கு மட்டும் வேறொரு எண்ணிக்கை போகிறது. வாயிற்பதிவு, ஒப்பந்தப் பட்டியல், இ.எஸ்.ஐ. செலுத்துச்சீட்டு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டால் போதும். ஒப்பந்ததாரர் கட்டாவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே கட்ட வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 40ஆம் பிரிவு சொன்னது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இந்தப் பொறுப்பு தொடர்கிறது. ஆக, ‘அது கான்ட்ராக்டர் விவகாரம்’ என்று ஆலை கைகழுவ முடியாது. தொழிலாளியிடம் பிடித்த பங்கைச் செலுத்தாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடி எனக் குற்றவியல் சட்டமே விளக்கம் தருகிறது.

களத்தில் இருப்போர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. காப்பீடு பெற்ற ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க எண் உண்டு. கழகத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைக் கொண்டு, மாதவாரியாக எத்தனை நாட்களுக்குப் பங்களிப்பு வந்திருக்கிறது என்று பார்க்கலாம். சம்பளச் சீட்டின் படியையும் இந்தப் பக்கத்தின் படியையும் ஒருசேர எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒப்பந்ததாரரிடம் வேலை செய்யும் பத்துப் பேரின் படிகள் சேர்ந்தால், அது தனியொருவரின் குறையாக இருக்காது. வேலையிலிருப்பவர் பெயரில் புகார் கொடுத்தால் மறுநாள் வேன் அவர் தெருவில் நிற்காது. எனவே புகாரைச் சங்கத்தின் பெயரிலோ அமைப்பின் பெயரிலோ அனுப்புவதே நல்லது. ஓர் ஆலையின் கீழ் எத்தனை ஒப்பந்ததாரர்கள், எத்தனை தொழிலாளர்களுக்குப் பங்களிப்பு செலுத்துகிறார்கள் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எவரும் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.