தொண்ணூறாவது நிமிடத்தில் அப்பாஸ் சுவான்

நான் நியூகாசல் அணியின் ரசிகன். அந்த அணி 2004ஆம் ஆண்டு யூஃபா கிண்ணப் போட்டியில் யார் யாருடன் மோதியது என்று பழைய முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ‘பினே சக்னின்’ என்ற பெயர் கண்ணில் பட்டது. இரண்டு ஆட்டங்களிலும் நியூகாசல்தான் வென்றது. ஆனால், தோற்ற அணியைப் பற்றித்தான் நான் அதிகம் படித்தேன். குறிப்பாக, அதன் தலைவர் அப்பாஸ் சுவானைப் பற்றி.

சக்னின், இஸ்ரேலின் வடக்கே கலிலேயா மலைப்பகுதியில் உள்ள அரபு ஊர். இஸ்ரேலியக் குடிமக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அரபியர். 1948ல் அந்நாடு உருவானபோது அதன் எல்லைக்குள்ளேயே தங்கிவிட்ட பாலஸ்தீனர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். 1976 மார்ச் 30ஆம் தேதி, அரசாங்கம் நிலங்களைக் கையகப்படுத்துவதை எதிர்த்து அரபு ஊர்களில் வேலைநிறுத்தமும் ஆர்ப்பாட்டமும் நடந்தன. ஆறு பேர் கொல்லப்பட்டனர். போராட்டத்தின் மையமாக இருந்த ஊர்களில் சக்னினும் ஒன்று. அந்நாளை இன்றும் ‘நில நாள்’ என்று நினைவுகூர்கிறார்கள். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் சுவான் அதே ஊரில் பிறந்திருந்தார்.

2003ல் சக்னின் முதல்நிலை லீக்கிற்கு முன்னேறியது. ஆனால் அந்த நிலைக்கு ஏற்ற விளையாட்டரங்கம் ஊரில் இல்லை. ‘சொந்தத் திடல்’ ஆட்டங்களையும் வெளியூரில் போய்த்தான் ஆட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட அணி 2004 மே மாதம் ஹப்போயல் ஹைஃபாவை 4-1 என்று வீழ்த்தி இஸ்ரேலின் தேசியக் கிண்ணத்தை வென்றது. அக்கிண்ணத்தைக் கைப்பற்றிய முதல் அரபு அணி அதுதான். பயிற்றுவிப்பாளர் இயால் லாமான் ஒரு யூதர். ஆட்டக்காரர்களில் அரபியர், யூதர், வெளிநாட்டினர் எனப் பலரும் இருந்தனர். நியூகாசலுடன் மோதும் வாய்ப்பு கிடைத்தது அந்தக் கிண்ணத்தால்தான்.

சுவான் இஸ்ரேலியத் தேசிய அணிக்கும் ஆடினார். அவருக்கு முன்பும் அரபியர் அந்த அணியில் இருந்திருக்கிறார்கள். ரிஃபாத் துர்க் 1976லேயே ஆடியவர். ஆனால் ஒவ்வோர் ஆட்டத்திற்கு முன்பும் ஒரு சிக்கல் காத்திருக்கும். இஸ்ரேலின் தேசிய கீதம் யூத உள்ளத்தின் ஏக்கத்தைப் பாடுவது. அதை ஓர் அரபு முஸ்லிம் எப்படிப் பாடுவார்? சுவான் மரியாதையுடன் எழுந்து நிற்பார், வாய் திறக்கமாட்டார். பாடாமல் நின்றதே சிலருக்குக் குற்றமாகப் பட்டது. 2005 பிப்ரவரியில் ஜெருசலத்தில் குரோஷியாவுடன் நடந்த நட்புமுறை ஆட்டத்தில், பந்து அவர் காலுக்கு வந்தபோதெல்லாம் சொந்த நாட்டு ரசிகர்களே ஊளையிட்டனர்.

மறுமாதம், மார்ச் 26. உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று, எதிரணி அயர்லாந்து. நான்காவது நிமிடத்திலேயே அயர்லாந்து கோல் போட்டுவிட்டது. 90வது நிமிடம்வரை பதில் கோல் இல்லை. அப்போது பெனால்டி பகுதிக்கு வெளியிலிருந்து சுவான் தாழ்வாக அடித்த பந்து, ஆட்டக்காரர்களின் கூட்டத்தைத் தாண்டி வலைக்குள் புகுந்தது. 1-1. காணொளியில் பார்த்தால் அழகான கோல் என்று சொல்லமாட்டேன். ஆனால் அரங்கம் அதிர்ந்த விதம் வேறு.

நான்கே நாளில் பிரான்ஸுடன் ஆட்டம். அதிலும் இஸ்ரேல் 0-1 என்று பின்தங்கியிருந்தபோது, 83வது நிமிடத்தில் தலையால் முட்டிச் சமன் செய்தவர் இன்னோர் அரபியர், வாலித் பதிர். 1999ல் விம்பிள்டனுக்காக ஓல்ட் டிராஃபோர்டில் கோல் போட்டவரும் இவர்தான். இவருடைய ஊர் கஃபர் காசிம். 1956ல் அங்கு எல்லைக் காவல் படையினர் பொதுமக்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றனர். இறந்தவர்களில் பதிரின் தாத்தாவும் ஒருவர். அந்த கோல் விழுந்த தேதி மார்ச் 30, நில நாள். யாரும் திட்டமிட்டு வைத்ததில்லை.

‘அரபியர் இல்லையேல் தாக்குதல் இல்லை’ என்பது அங்குள்ள வெறுப்பாளர்களின் முழக்கம். அந்த வாரம் அது ‘அரபியர் இல்லையேல் கோல் இல்லை’ என்று மாறி ஊரெங்கும் பேசப்பட்டது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு ஓர் உறுத்தல். சுவானின் பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியிருந்தால்? கோல் போட்டால்தான் குடிமகன் என்றால், அடுத்த ஆட்டத்தில் வாய்ப்பைத் தவறவிட்டவுடன் என்ன ஆவார்? பள்ளி அணியில் தற்காப்பு ஆட்டக்காரராக ஆடிய எனக்கு இது நன்றாகவே புரிகிறது. எங்களுக்குத்தான் கோல் போட வாய்ப்பே வராதே!

பதிலுக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டியதில்லை. பெய்தார் ஜெருசலம் அணியின் ரசிகர்கள், நீ எங்கள் பிரதிநிதி அல்ல என்று சுவானின் பெயரைக் குறிப்பிட்டுப் பதாகை பிடித்தனர். அத்தகுதிச் சுற்றில் இஸ்ரேல் பத்து ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஆனாலும் கோல் வித்தியாசத்தில் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டு உலகக் கிண்ண வாய்ப்பை இழந்தது.

சுவான் தொடர்ந்து ஆடினார். பின்னர் நாட்டின் பெரிய அணிகளில் ஒன்றான மக்காபி ஹைஃபாவுக்கும் சென்றார். சக்னினுக்கு 2005ல் சொந்த விளையாட்டரங்கம் கிடைத்தது. கத்தார் நிதியுதவியில் எழுந்ததால் அதற்கு ‘தோஹா அரங்கம்’ என்று பெயர்.